தந்தையின் திக்கலும் மகனின் பிரெஞ்சும்

சார்லஸ் டார்வின் தம் பாட்டனாரைப் பற்றி ஒரு சிறு வரலாறு எழுதியிருப்பது உங்களில் பலருக்குத் தெரிந்திராது. எர்ன்ஸ்ட் கிராஸே என்னும் ஜெர்மானியரின் கட்டுரைக்கு முன்னுரையாக அது 1879-இல் வெளிவந்தது. பாட்டனார் எராஸ்மஸ் டார்வின் பெயர் பெற்ற மருத்துவர்; கவிஞர்; பேச்சிலே கடுமையாகத் திக்குபவர். திக்குவது தொல்லையாக இல்லையா என்று ஓர் இளைஞன் துடுக்காகக் கேட்டானாம். சிந்திக்க நேரம் கிடைக்கிறது, வேண்டாத கேள்விகளையும் கேட்காமல் தப்புகிறேன் என்ற கருத்தில் விடை வந்தது.

ஆனால், தம் திக்கலை இப்படி எளிதாக எடுத்துக்கொண்டவரால் மகனுடையதை அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை. மூத்த மகன் பெயரும் சார்லஸ்தான் (நம் டார்வினுக்குப் பெரியப்பா, குழம்ப வேண்டாம்). சிறிது காலம் ஆங்கிலம் பேசாமலிருந்தால் பழக்கம் விட்டுப்போகும் என்று கருதி, ஏறத்தாழ எட்டே வயதான அவனை 1766–67-இல் ஓர் ஆசிரியருடன் பிரான்சுக்கு அனுப்பினார் தந்தை. பின்னாளில் பிரெஞ்சு பேசும்போது அவன் திக்கவேயில்லை. இது விந்தை என்று சொல்லிவிட்டு நூலாசிரியர் நகர்ந்துவிடுகிறார்.

என் குறை இங்கேதான். திக்கலை அவன் மரபாகப் பெற்றான் என்கிறது ஒரு வாக்கியம். அதைப் பழக்கமாகக் கருதிய தந்தையின் எண்ணத்தைத் தருகிறது அடுத்தது. இரண்டும் எப்படிப் பொருந்தும்? மாணவனின் விடைத்தாளாயிருந்தால் ஓரத்தில் கேள்விக்குறி போட்டிருப்பேன். புறாவிலிருந்து மனிதன் வரை பரம்பரைச் செய்திகளைத் தேடித் தேடித் தொகுத்தவர், தம் வீட்டுச் செய்தியை மட்டும் ஆராயாமல் விட்டது ஏமாற்றமே. 'பிரெஞ்சு பேசும்போது' என்பதிலேயே ஆங்கிலத்தில் திக்கல் நீங்கவில்லை என்பது தொனிக்கிறதல்லவா? அப்படியானால் வைத்தியம் பலித்ததா, இல்லையா?

வாசகரே, நீங்களே திக்கிப் பேசுகிற தந்தையாகவோ தாயாகவோ இருக்கலாம். என் பேச்சைக் கேட்டுக் குழந்தையும் கற்றுக்கொள்ளுமோ என்று அதனுடன் பேசவே தயங்குவோர் உண்டு. இந்த அச்சத்துக்கு ஆதாரமில்லை; கேட்டுப் பழகுவதால் திக்கல் வருவதன்று. குடும்பத்தில் திக்கல் இருந்தால் குழந்தைக்கு வரும் வாய்ப்புக் கூடுகிறது என்பது மெய்தான். 2010-இல் டென்னிஸ் டிரேனா குழுவினர், பாகிஸ்தானியக் குடும்பங்களில் தொடங்கிய ஆய்வில், இதனுடன் தொடர்புள்ள மூன்று ஜீன்களைக் கண்டனர். செல்லுக்குள் கழிவைச் சிதைக்கும் நொதிகளை உரிய இடத்துக்கு அனுப்புவதில் பங்குள்ளவை அவை! ஆயினும் திக்குவோரில் சிறு பகுதியினரிடமே அந்த மாறுதல்கள் உள்ளன. வாய்ப்பு வேறு, விதி வேறு. நூற்றுக்குச் சுமார் 5 குழந்தைகள் திக்கத் தொடங்குகின்றன, பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள். அவர்களில் ஐந்தில் நால்வருக்கு அது நீங்கிவிடுகிறது. பல மாதங்கள் நீடித்தால் பேச்சுப் பயிற்சி வல்லுநரிடம் காட்டலாம். பிரான்சு வேண்டியதில்லை.

அந்தச் சார்லஸ் மருத்துவம் படிக்கையில், ஒரு குழந்தையின் மூளையை அறுத்து ஆராய்ந்தபோது பட்ட காயத்தால் 1778-இல் 19 வயதில் இறந்தான்.

நூலைத் தேடுவோருக்கு ஒரு சொல்: 1879 பதிப்பில் டார்வினின் மகள் ஹென்ரியெட்டா பல பகுதிகளை வெட்டிவிட்டார். முழு வடிவம் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜ் பதிப்பாக வந்திருக்கிறது. அதையே கேட்டு வாங்குங்கள்.