கட்டுப்படியாகுமா?

விலையைச் சொல்லத் தமிழில் எண்ணே வேண்டியதில்லை. 'யானை விலை, குதிரை விலை' என்றால் அந்தக் கடைப் பக்கம் போகாதே என்று அர்த்தம். 'சல்லிசு' என்றால் இன்னொரு கிலோ சேர்த்தே வாங்கலாம். 'அடிமாட்டு விலை'யில் விற்றவரின் வலி இருக்கிறது: உழுது ஓய்ந்த மாட்டைக் கறிக்குத் தள்ளிவிடும் விலை அது. அவசரத்துக்கு நிலத்தை விற்றவர்கள் அதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது 'கட்டுப்படியாகாது'. வாங்குபவரும் சொல்வார், விற்பவரும் சொல்வார். சந்தையில் ஒரே கத்தரிக்காய்க் கூடைக்கு இரு பக்கமும் நின்று மாறி மாறிச் சொல்வார்கள். அதில் யார்மீதும் பழி இல்லை. சரக்கையும் மட்டம் தட்டுவதில்லை. கணக்கு உதைக்கிறது, அவ்வளவுதான். பேரம் தொடர இடம்விடும் மரியாதையான சொல்.

அணாவின் ஆயுளும் வியப்பு. 1957 ஏப்ரலில் ரூபாய்க்கு 16 அணா போய் 100 நயா பைசா வந்தது. ஆனாலும் 25 பைசா நாலணாவாகவும் 50 பைசா எட்டணாவாகவுமே இருந்தன. 2011-இல் 25 பைசா நாணயமே செல்லாமல் போனது. 'நாலணாவுக்குப் பிரயோஜனமில்லை' என்று பெரியவர்கள் இன்னும் திட்டுகிறார்கள்.