சூசையப்பரும் லயத்துக் காம்பராவும்

மலையகத்துக் கத்தோலிக்கக் கோயில்களிலே மார்ச் 19ஆம் திகதி சூசையப்பர் திருநாள். அன்றைய பிரசங்கத்தில் பெரும்பாலும் நாம் கேட்கும் கருத்து ஒன்றுண்டு: துன்ப காலத்தில் தந்தை குடும்பத்தோடு இருக்க வேண்டும், சூசையப்பரைப் போல இருக்க வேண்டும். கருத்து நல்லதே. ஆனால் அந்தச் சூசையப்பரை நாம் சரியாக வாசித்திருக்கிறோமா என்பதே என் கேள்வி.

சுரூபத்தில் நாம் காண்பவர் கையில் லீலி மலர் ஏந்திய சாந்த சொரூபி. சுவிசேஷம் காட்டும் பாத்திரம் வேறு. அவர் பேசிய சொல் ஒன்றேனும் நான்கு சுவிசேஷங்களிலும் பதிவாகவில்லை. மத்தேயுவில், ஏரோதின் வாளுக்குத் தப்ப இரவோடிரவாக எழுந்து, பிள்ளையையும் தாயையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்குப் போகிறார். லூக்காவில், குடிமதிப்புக்குப் பெயர் பதியக் கர்ப்பிணியான மரியாளோடு பெத்லகேமுக்குப் போகிறார். அரசின் கட்டளைக்கும் அரசனின் கொலைவெறிக்கும் இடையே குடும்பத்தைச் சிதறவிடாத ஏழைத் தச்சர் அவர். 1955இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பயஸ், மே தினத்தையே தொழிலாளரான சூசையப்பரின் திருநாளாக அறிவித்ததில் பொருளுண்டு.

இப்பாத்திரத்தைத் தோட்டத்துத் தந்தையரைவிட நன்கு விளங்கிக்கொள்ளக்கூடியவர் யார்? 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1964இன் ஸ்ரீமா–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரும் 1974இல் பாதி பாதியாகப் பிரிக்கப்பட்டனர். ஒரே காம்பராவில் வாழ்ந்த தகப்பனுக்கு ஒரு நாடும், வளர்ந்த மகனுக்கு இன்னொரு நாடும் என்று பிரிந்த குடும்பங்கள் பல. அக்காலத்தில் குடும்பத்தோடு இருத்தல் என்பது மனத்தின் நற்பண்பு மட்டுமன்று. விண்ணப்பப் படிவத்தோடும் கச்சேரி வாசலோடும் நடத்திய போராட்டம். தந்தையின் கடமையை மட்டும் பேசும் பிரசங்கம், அவனைப் பிரித்த அதிகாரத்தை மறந்துவிடுகிறது.

எனினும், அதிகாரத்தை மட்டும் குற்றஞ்சாட்டி அமைவதும் நேர்மையாகாது. தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’ (1974) போலத் தோட்ட வாழ்வை உள்ளிருந்தே எழுதிய படைப்புகள் நமக்கு உண்டு. அவற்றை விமர்சிக்கப் புகுந்த நாமோ, துரையையும் கங்காணியையும் தேடிய அளவுக்கு அடுப்படியைத் தேடவில்லை. கவ்வாத்து வெட்டும் ஆண் பெரும்பாலும் நண்பகல் கடந்ததும் மலையிறங்கிவிடுகிறான். கொழுந்தெடுக்கும் பெண்ணோ மாலை நிறுவை முடிந்தே திரும்புகிறாள். அதன்பின்னும் அவளுக்குத் தண்ணீர், விறகு, அடுப்பு, பிள்ளை. இருவர் சம்பளமும் சமமானதே 1984இல்தான். நம் தந்தையரிற் பலர் வீட்டுக்கு வராதவர் அல்லர்; இரண்டு மணிக்கே வந்தும் உடனிராதவர். தவறணை அந்த இடைவெளியில்தான் நிற்கிறது.

சென்ற தவணையில் ஒன்பதாம் வகுப்பு மாணவருக்கு ‘என் தந்தை’ என்று கட்டுரை கொடுத்தேன். பலர் ‘கண்கண்ட தெய்வம்’ என்று தொடங்கினார்கள். ஒரு மாணவி மட்டும் இவ்வாறு எழுதியிருந்தாள்: மா விலை ஏறிய 2022இல் அப்பா தவறணைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார், அம்மா வருமுன் தண்ணீர் எடுத்து அடுப்பு மூட்டிவிடுவார், செபமாலை சொல்லும்போது தூங்கிவிடுவார்.

நிறுத்திவிட்டார் என்று அவள் எழுதவில்லை. குறைத்துக்கொண்டார் என்றே எழுதினாள். தந்தையைத் தெய்வமாக்காமலும் குற்றவாளியாக்காமலும் கண்ட அந்த உண்மையே நம் பிரசங்கிகளுக்கும் எழுத்தாளருக்கும் விமர்சகருக்கும் வேண்டுவது. சம்பளமும் குடியிருப்பும் கேளாமல் தந்தைக்குக் கடமை போதிப்பது பாதி உண்மை. உரிமைக்குக் கொடி பிடித்துவிட்டு, மனைவியின் தண்ணீர்க் குடத்தைத் தொடாதிருப்பதும் பாதி உண்மையே. சூசையப்பர் இரவில் எழுந்தவர். நம் தந்தையர் பிற்பகல் இரண்டு மணிக்கு எழுந்தாற் போதும்.