கால் கூறும் முக்கால் கூறும்: இணையவழி இலக்கியப் பாடங்களில் காணொலியும் ஊடாட்டப் பயிற்சியும்

பல்கலைக்கழக இணையவழிப் பாடங்களைப் பற்றித் தமிழில் வெளிவரும் கட்டுரைகளுள் ஒரு பகுதி வாழ்த்துரையாகவும் மறுபகுதி இரங்கலுரையாகவும் அமைந்துவிடுகின்றன. காணொலியும் கணினிப் பயிற்சியும் வந்தமையால் கற்பித்தல் புத்துயிர் பெற்றது என்பர் ஒரு சாரார். வகுப்பறை மறைந்தால் கல்வியே மறைந்துவிடும் என்பர் மற்றொரு சாரார். இரு சாராரும் கருவியையே நோக்குகின்றனர். அக்கருவியைக் கொண்டு மாணவர் செய்வது யாது என்பதை நோக்குவதில்லை. தமிழிலக்கியப் பாடத்தில் காணொலியும் ஊடாட்டப் பயிற்சியும் எவ்விடத்தில் பயன் தருகின்றன, எவ்விடத்தில் பாடத்தையே திரித்துவிடுகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

நாற்பகுதி முறை

2017ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் தொடங்கி வைக்கப்பட்ட நடுவணரசின் ‘ஸ்வயம்’ தளத்தில் ஒவ்வொரு பாடமும் நான்கு பகுதிகளாக அமைகின்றது. காணொலி விரிவுரை, தரவிறக்கிப் படிக்கத்தக்க பாடப்பகுதி, தன்மதிப்பீட்டு வினாக்கள், ஐயம் களைவதற்கான விவாத அரங்கு என்பன அவை. பல்கலைக்கழக மானியக்குழு 2016இல் வகுத்த விதி, ஒரு பருவத்திற்குரிய பாடங்களுள் 20 விழுக்காடு வரை இத்தளத்தின்வழிப் பயில இசைவளித்தது. 2021ஆம் ஆண்டு விதி அதனை 40 விழுக்காடாக உயர்த்தியது. தமிழகத்திற்கு வெளியே ஒன்றிரண்டு ஆசிரியர்களைக் கொண்டு இயங்கும் தமிழ்த்துறைகளுக்கு இது வெறும் புள்ளிவிவரம் அன்று. வெற்றிடமாகிய பணியிடத்தைக் காணொலி நிரப்பிவிடும் என்று நிருவாகம் கருதத் தொடங்குமாயின், அப்பாடம் எத்தகையது என்ற வினா அத்துறையின் இருப்பையே தொடுவதாகும்.

நான்கு பகுதி என்னும் எண், தமிழாசிரியர் எவருக்கும் நன்னூலின் பொதுப்பாயிரத்தை நினைவூட்டாமற் போகாது. சீயகங்கன் வேண்டப் பவணந்தி முனிவர் இயற்றிய அந்நூல், மாணவன் பெறும் புலமையை நான்கு கூறாக்கிக் காண்கிறது. ஆசிரியர் உரைத்ததை முற்றக் கொண்டாலும் கிட்டுவது ஒரு கால் கூறே. உடன் பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு கால் கூறு சேரும். எஞ்சிய அரைக்கூறு, தான் கற்றதைப் பிறர்க்குத் தெளிவுற எடுத்துரைக்கும்போது வந்து நிறையும். எண்ணளவில் அமைந்த ஒற்றுமை தற்செயலானது, வேற்றுமையோ ஆழமானது. காணொலி, பாடப்பகுதி, வினா ஆகிய மூன்றும் ஆசிரியர் தருவனவே. விவாத அரங்கு உடன் பயில்வார்க்கு உரியதாயிருக்கலாம். எனினும் அது ஐயம் வினவி விடை பெறும் இடமாகவே வகுக்கப்பட்டுள்ளது. எடுத்துரைப்பதற்கென ஒரு பகுதி நான்கனுள் எங்கும் இல்லை.

கருவியின் பயன்

காணொலியைக் குறைத்து மதிப்பிடுதல் இக்கட்டுரையின் கருத்தன்று. இருமுறை கேட்டால் நூலிற் பிழை நேராது, மும்முறை கேட்டால் முறையறிந்து உரைக்கலாகும் என்று நன்னூல் கூறுவதை, வகுப்பறையைவிடக் காணொலியே எளிதாக நிறைவேற்றுகிறது. அசை பிரித்தலும் சீர் பிரித்தலும் கற்கும் மாணவர் ஒருவர் ஆசிரியர் குரலைப் பத்துமுறை நிறுத்திக் கேட்கலாம். முகம் சுளிப்பார் இலர்.

இடையிடையே வினவும் பயிற்சிக்கும் சான்று உண்டு. கார்ப்பிக், ரோடிகர் ஆகியோர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், சுவாகிலி மொழிச் சொற்களையும் அவற்றிற்குரிய ஆங்கிலச் சொற்களையும் மாணவர் கற்றனர். மீண்டும் மீண்டும் படித்தவரைவிட, மீண்டும் மீண்டும் சோதித்துக் கொண்டவரே ஒரு வாரத்திற்குப் பின் மிகுதியாக நினைவிற் கொண்டனர். காணொலி விரிவுரையின் இடையே சிறு சோதனைகளை வைத்தால் மாணவர் மனம் அலைவது குறைகிறது என்பதனை ஸ்புனரும் அவருடன் ஆய்ந்தோரும் 2013இல் காட்டினர். அருஞ்சொற்பொருள், இலக்கணக் குறியீடு, யாப்புறுப்பு ஆகியவற்றிற்கு இம்முறை பெரிதும் பொருந்தும் என்பதில் ஐயமில்லை.

ஆயினும் இத்தகைய ஆய்வு முடிவுகளை எல்லாப் பாடத்திற்கும் நீட்டும் வழக்கம் ஏற்கத்தக்கதன்று. காணொலி ஆறு நிமிடத்தை விஞ்சலாகாது என்பது இன்று ஏறத்தாழ வேதவாக்காகிவிட்டது. இதற்கு மூலமாகக் காட்டப்படும் 2014ஆம் ஆண்டின் ஆய்வு எடெக்ஸ் தளத்தின் நான்கு பாடங்களில் 69 இலட்சம் பார்வை அமர்வுகளை ஆராய்ந்தது. அந்நான்கும் நிரலாக்கம், செயற்கை நுண்ணறிவு, வேதியியல், புள்ளியியல் ஆகிய துறைகளைச் சார்ந்தவை. மேலும், அங்கு அளக்கப்பட்டது மாணவர் எவ்வளவு நேரம் பார்த்தனர், பார்த்தபின் வினாவிற்கு விடையளிக்க முயன்றனரா என்பதே. அகநானூற்றுப் பாடல் ஒன்றைச் சொற்பிரித்து, கொண்டுகூட்டி, உள்ளுறை காட்ட ஆறு நிமிடம் போதாது. பாடலை ஆறு நிமிடத்திற்கு ஏற்ப நறுக்குவோர் உள்ளுறையையே முதலில் நறுக்குகின்றனர்.

ஒருவிடை வினாவும் பலவுரை மரபும்

நார்வே நாட்டில் உருவான ‘எச்5பி’ என்னும் திறமூல மென்பொருள் இன்று பல்கலைக்கழகங்களில் பரவலாக வழங்குகிறது; 2019இல் ‘மூடில்’ தளத்தின் 3.8ஆம் பதிப்பிலேயே அது இணைக்கப்பட்டது. காணொலியை இடையில் நிறுத்தி வினவுதல், இழுத்துப் பொருத்துதல், கோடிட்ட இடம் நிரப்புதல், தெரிவிற்கேற்பக் கிளைபிரிதல் எனப் பலவகைப் பயிற்சிகளை ஆசிரியரே இதனால் ஆக்கலாம். 2020இல் வகுப்பறைகள் அடைபட்டபோது இக்கட்டுரையாளரும் இதனைக் கையாண்டார். குறுந்தொகையின் 40ஆம் பாடலுக்கு அமைத்த காணொலியில் திணை யாது, கூற்று யாருடையது, புலவர் பெயர் யாது என்னும் மூன்று வினாக்கள் இடம்பெற்றன. வகுப்பினர் அனைவரும் முழு மதிப்பெண் பெற்றனர். இதனைத் தலைவி கூற்றாக ஏன் கொள்ளலாகாது என்று நேரலை வகுப்பில் வினவியபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. ‘மீண்டும் முயல்க’ என்னும் பொத்தானை அழுத்தி, பச்சைக்குறி தோன்றும்வரை விடையை மாற்றியதாக ஒரு மாணவி பின்னர் ஒளிவின்றிக் கூறினார். பொத்தானை வைத்தவர் ஆசிரியர். குறை மாணவியுடையது அன்று.

குறை அவ்வளவில் நிற்கவில்லை, வினாவே பிழையானது. அப்பாடலுள் பேசுவோர் ஆண் என்பதற்கு விளியோ ஈறோ சான்றாக இல்லை. தலைவன் கூற்று என நாம் அறிவது பாடலின்கீழ் உள்ள துறைக்குறிப்பால் ஆகும். புலவரின் இயற்பெயரையும் நாம் அறியோம். செம்புலப்பெயனீரார் என்பது பாடலின் உவமையிலிருந்து எழுந்த பெயர். எனவே மாணவர் கண்டறிய வேண்டியது, பாடல் தரும் சான்று எது, தொகுத்தோர் தந்த சான்று எது என்னும் வேறுபாட்டையே. பல்தேர்வு வினா அவ்வேறுபாட்டை அழித்து, இரண்டையும் ஒரே தகவலாக்கி மனத்திலிருத்துகிறது.

முல்லைப்பாட்டிலும் இந்நிலையைக் காணலாம். 103 அடிகள் கொண்ட அப்பாட்டில் நச்சினார்க்கினியர் அடிகளைப் பெயர்த்துக் கூட்டிப் பொருள் கொண்டார். மறைமலையடிகள் 1903இல் வெளியிட்ட ஆராய்ச்சியுரையில் அம்முறையை மறுத்து, பாட்டின் நடை சென்ற நெறியே பொருள் கண்டார். இளம்பூரணரைச் சேனாவரையர் மறுப்பதும் இத்தகையதே. உரைமரபு என்பதே தடைவிடைகளால் ஆகியது. இத்தகைய இடத்திற்கு எச்5பியின் கிளைபிரியும் பயிற்சி மிகப் பொருத்தமாக அமையும். மாணவர் ஓர் உரையைத் தெரிந்து அதன்வழியே சென்று, எந்த அடியில் இடர்ப்படுகிறது என்று கண்டு, திரும்பி வந்து மற்றோர் உரையைச் சோதிக்கலாம். அங்குப் பச்சைக்குறி தேவையில்லை. அத்தகைய பயிற்சி ஆக்கப்படுவது அரிது. தேசியத் தகுதித் தேர்வின் மூன்றாம் தாளும் 2012 ஜூன் முதல் கொள்குறி வகைக்கு மாறியபின், ஒருவிடை வினாவே பாடத்தின் இலக்கணமாகிவிட்டது. ஆசிரியர் தேர்வுக்கு ஆயத்தப்படுத்துகிறார். மென்பொருளைக் குற்றம் கூறிப் பயனில்லை.

இங்கே பழைய முயற்சி ஒன்றைச் சுட்டுதல் தகும். 2001 பிப்ரவரி 17இல் தொடங்கப்பெற்ற தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகம், தன் பாடங்களின் இடையே தன்மதிப்பீட்டு வினாக்களை அமைத்தது. வினாவின் அருகே ‘விடை’ என்னும் இணைப்பு மட்டும் இருக்கும். மாணவர் தம் விடையை மனத்தில் சொற்றொடராக்கி, பின் அழுத்தி ஒப்பிடலாம். அசைவும் வண்ணமும் இல்லாத அந்த எளிய அமைப்பு, தெரிவுகளை முன்வைத்து ஊகிக்கச் செய்யும் இன்றைய பயிற்சிகளினும் மிகுதியான சிந்தனையை வேண்டி நின்றது என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

எடுத்துரைத்தல்

நன்னூல் கூறும் அரைக்கூற்றை இணையவழியில் ஈட்டவியலாது என்பதற்கில்லை. காணொலியை ஆசிரியர் மட்டுமே ஆக்க வேண்டும் என்னும் எண்ணமே தடையாக நிற்கிறது. ஒவ்வொரு மாணவரும் ஒரு பாடலை மூன்று நிமிடத்தில் விளக்கிக் கைப்பேசியில் பதிவுசெய்தல், உடன் பயில்வார் இருவர் அதற்கு மறுப்போ இசைவோ காரணத்துடன் உரைத்தல் என்பதனைப் பயிற்சியாக்கலாம். ஆயிரக்கணக்கானோர் சேரும் பாடங்களில் ஆசிரியரால் அத்தனையையும் கேட்கவியலாது என்பது மெய்யே. ‘கோர்செரா’ தளம் 2012 முதலே மாணவர் ஒருவரையொருவர் மதிப்பிடும் முறையைக் கையாண்டு வருகிறது. அம்மதிப்பீட்டில் தாராளமும் சோம்பலும் கலந்திருக்கும் எனினும், மதிப்பெண்ணைச் சிறிதாக்கி மறுமொழியைக் கட்டாயமாக்கினால் கேடு பெரிதாகாது. ஸ்வயம் பாடங்களின் அகமதிப்பீட்டிற்கு உரிய 30 விழுக்காட்டிற்குள்ளேயே இதற்கு இடம் காணலாம்.

அடுத்த பருவத்தில் அதே 40ஆம் பாடலை இம்முறையில் நடத்தியபோது ஒரு நிகழ்வு நேர்ந்தது. மலையாளச் சூழலில் வளர்ந்து தமிழ் பயிலும் மாணவி ஒருவர் தம் பதிவில் ‘ஞாய்’ என்பதற்கு ‘என் தாய்’ என்றும் ‘யாய்’ என்பதற்கு ‘நின் தாய்’ என்றும் பொருள் கூறினார். மலையாளத்தில் ‘ஞான்’ என்பது தன்மைப் பெயராதலின் அவர் செவிக்கு அதுவே இயல்பாயிற்று. முந்தைய மூன்று வினாக்களுக்கும் அவர் பிழையின்றி விடையளித்திருப்பார். இப்பிழை எக்காலத்தும் வெளிப்பட்டிராது. அதனைத் திருத்தியவர் ஆசிரியர் அல்லர். உடன் பயிலும் பாலக்காட்டு மாணவர் ஒருவர் எந்தை, நுந்தை, தந்தை என்னும் வரிசையை எடுத்துக்காட்டி, யாய், ஞாய், தாய் என்பனவும் அவ்வாறே தன்மை முன்னிலை படர்க்கையாக நிற்கும் என்று இரண்டு நிமிடக் குரற்பதிவில் விளக்கினார். அம்மாணவி மறுநாளே தம் பதிவை நீக்கிவிட்டுப் புதிய பதிவொன்றை ஏற்றினார். பழையதையும் வைத்திருக்குமாறு கேட்டுக்கொள்ளப்பட்டார்.