முனைவு எங்கே செல்லும், எங்கே செல்லாது

முனைவுள்ள மூலக்கூறு அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சும். திண்மப் பரப்பில் வலுவாக ஒட்டும். வேதியியல் வகுப்பறைகளில் நெடுங்காலமாகப் புழங்கிவரும் விளக்கம் இது. இதை உரசிப் பார்க்கக் கார்பன் மோனாக்சைடு ஒன்றே போதும்.

அதன் இருமுனைத் திருப்புத்திறன் 0.11 டிபைதான், நீருக்கு 1.85. போதாக்குறைக்கு, அந்தச் சிறிய முனைவின் எதிர்மின் முனை கார்பன் பக்கம் இருக்கிறது. எலக்ட்ரான் கவர்தன்மையை மட்டும் வைத்துக் கணிப்பவர் முதல் அடியிலேயே சறுக்குவார். அப்படியிருந்தும் 2143 செ.மீ⁻¹ அருகே அது காட்டும் உறிஞ்சல் வலுவானது. அதைப் போல நான்கு மடங்கு முனைவுள்ள ஹைட்ரஜன் அயோடைடின் நீட்சி அதிர்வோ மிகவும் மங்கலாகத் தெரிகிறது. நிலையான முனைவே இல்லாத கார்பன் டைஆக்சைடு 667-இலும் 2349-இலும் நன்றாக உறிஞ்சுகிறது. புவி வெப்பமாவதில் அந்த 667 பட்டைக்குப் பெரும் பங்கு உண்டு. காரணம் ஒன்றுதான்: அதிரும்போது திருப்புத்திறன் எவ்வளவு மாறுகிறதோ, அந்த மாற்றத்தின் இருமடியைப் பொறுத்தே உறிஞ்சலின் வலு அமைகிறது. ஓய்வில் இருக்கும் மூலக்கூறின் முனைவை அளந்து அந்த மாற்றத்தை ஊகிக்க முடியாது. ஆக, விளக்கத்தின் முதல் பாதி அப்படியே நிற்காது.

இரண்டாம் பாதிக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்; அதில் உண்மையும் கலந்திருக்கிறது. சோடியம் குளோரைடு படிகத்தின் மேல் கார்பன் மோனாக்சைடை ஒட்டவைத்தால் அதிர்வு எண் ஏறத்தாழ 2155-க்கு உயர்கிறது. நேர்மின் அயனியின் புலம் மூலக்கூறைப் பிடித்து வைக்கிறது. பிணைப்பாற்றலும் மோலுக்குச் சுமார் 20 கிலோஜூல்தான். அயனிப் பரப்பில் நிலைமின் விளக்கம் செல்லும். ஆனால் அங்கேயும் இருமுனையை மட்டும் பார்ப்பது போதாது. மருத்துவமனை ஆக்சிஜன் கருவிகளில், நேர்மின் அயனிகள் கொண்ட நுண்துளைப் பொருளான ஜியோலைட் நைட்ரஜனைப் பிடித்துக்கொண்டு ஆக்சிஜனை விட்டுவிடுகிறது. இரண்டுக்கும் இருமுனை கிடையாது. நைட்ரஜனின் நான்முனைத் திருப்புத்திறன் பெரியது, அவ்வளவுதான் வேறுபாடு. கொரோனாக் காலத்தில் எத்தனையோ உயிர்கள் இந்த வேறுபாட்டை நம்பி மூச்சுவிட்டன.

உலோகத்தில் நிலைமை தலைகீழ். நீர் பிளாட்டினத்திலிருந்து 170 கெல்வின் அருகிலேயே கிளம்பிவிடும். நீரின் முனைவில் ஏறத்தாழப் பதினேழில் ஒரு பங்கே உள்ள கார்பன் மோனாக்சைடு 400 கெல்வினைத் தாண்டியும் பிடித்துக்கொண்டிருக்கும். 1964-இல் வேதியியலாளர் பிளைஹோல்டர் முன்வைத்த மாதிரி இதை நேராக விளக்குகிறது: கார்பனின் எலக்ட்ரான் இணை உலோகத்துக்குப் போகிறது, உலோகத்தின் டி எலக்ட்ரான்கள் மூலக்கூறின் எதிர்ப்பிணைப்பு ஆர்பிட்டாலுக்குத் திரும்பி வருகின்றன. அப்படி வருவதால் கார்பன்–ஆக்சிஜன் பிணைப்பு தளர்ந்து அதிர்வு எண் இறங்குகிறது. பிளாட்டின அணு ஒன்றின் தலைமேல் அமர்ந்தால் 2100 அளவில், இரண்டுக்கு இடையில் பாலமிட்டால் 1850 அளவில். உப்பில் ஏறிய எண் இங்கே இறங்குகிறது. முனைவு மட்டுமே காரணமென்றால் இந்த இரு திசைகளையும் ஒருசேர விளக்க வழியில்லை. வாயுவாக இருக்கையில் அகச்சிவப்புக்கே தென்படாத நைட்ரஜன், நிக்கலில் ஒட்டியதும் 2200 அருகே பட்டை காட்டுகிறது. முனைவு ஒட்டுதலை உண்டாக்குகிறது என்பார்கள். இங்கே ஒட்டுதல்தான் முனைவை உண்டாக்கியிருக்கிறது.

பிளைஹோல்டர் மாதிரியையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்பதற்கில்லை. பிளாட்டினத்தில் மூலக்கூறுகள் நெருங்க நெருங்க அதிர்வு எண் உயரும். இதை எலக்ட்ரான் பகிர்வின் கணக்கில் எழுதிவிடலாம் என்று தோன்றும். கார்பன்-13 கலந்து செய்த சோதனைகள் அதைத் தடுத்தன. ஐசோடோப்பு வேறானால் அதிர்வு எண் விலகும். அண்டை மூலக்கூறுகள் ஒன்றோடொன்று இசைந்து அதிர்வது குறையும். அப்படிப் பிரித்துப் பார்த்தபோது, உயர்வின் பெரும்பகுதி அதிரும் இருமுனைகள் தமக்குள் இணைவதால் வருவது என்று தெரிந்தது. செம்பில் இந்த இணைவு எண்ணை ஏற்ற, வேதி விளைவு இறக்க, பட்டை ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கிறது. ஐசோடோப்புச் சோதனை இல்லாமல் அதைப் படித்தவர் எதுவும் நடக்கவில்லை என்றே எழுதியிருப்பார்.

என் தீர்ப்பு இது: அதிரும்போது மாறும் இருமுனை எல்லாப் பரப்பிலும் தேவைப்படும் கருத்து, நிலையான முனைவை அயனிப் பரப்புக்கு வெளியே முதற்காரணமாக எழுதும் பாடம் திருத்தப்பட வேண்டும்.