உலகப் பல்கலைக்கழகங்கள் கண்ட மாத்தளை

மாத்தளை நகரினின்றும் வடக்கே தம்புள்ளைக்குச் செல்லும் பெருவீதியின் ஓரத்தே, நகருக்கு மிக அணித்தாய், அலுவிகாரைக் குகைகள் அமைந்துள்ளன. கி.மு. முதல் நூற்றாண்டிலே, வட்டகாமணி அபயன் காலத்தில், அதுவரை வாய்மொழியாய் வழங்கிவந்த திரிபிடகம் இங்கேயே ஏட்டில் எழுதப்பெற்றது என்பது பௌத்த மரபு. இலங்கையிற் சிவில் உத்தியோகத்தராயிருந்து தாயகம் மீண்ட றைஸ் டேவிட்ஸ் என்பார் 1881 ஆம் ஆண்டு இலண்டனிலே பாலி நூற் கழகத்தை நிறுவினார். அக்கழகம் பதிப்பித்த நூல்களின் வழியாகவே ஐரோப்பியப் பல்கலைக்கழகத்தார் பலர் மாத்தளை என்னும் பெயரை அறிந்தனர் எனலாம். அவர் அறிந்த மாத்தளையிலே குகை இருந்தது, ஏடு இருந்தது. அதற்கு முந்திய அரை நூற்றாண்டாக அதே வீதியால் நடந்து கோப்பித் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர் அதில் இடம்பெறவில்லை.

இவ்வின்மை தற்செயலாக நேர்ந்ததன்று. கீழ்த்திசைக் கல்வி எனப்பட்ட துறை பழைமையையே பொருளாகக் கொண்டது. ஒரு நாட்டில் உயிரோடு வாழ்வார் அதற்கு வேண்டப்படுவது, பழஞ்சொல்லுக்குப் பொருள் கேட்கும் அளவிற்றான். ஆயினும் அத்துறையார் செய்த பணியை எளிதாக எண்ணுதல் தகாது. சீகிரியாச் சுவரிலே எட்டாம் நூற்றாண்டு முதலாகப் பல்வேறு மக்கள் கீறிச்சென்ற பாடல்களுள் 685ஐப் பேராசிரியர் பரணவிதான படித்து, இரு தொகுதிகளாக 1956 இல் வெளிப்படுத்தினார். அரசனைக் காண வந்தவரல்லர் அப்பாடல்களை எழுதினோர். ஓவியத்தைக் காண வந்த வழிப்போக்கர். பழைமையைக் கற்பார் கையிலும் சிலவேளை சாதாரண மனிதன் அகப்படுகின்றான் என்பதற்கு அந்நூல் சான்று.

சீகிரியா, தம்புள்ளைப் பகுதியிலே பின்னர் நிகழ்ந்த ஆராய்ச்சி இன்னும் ஒருபடி கீழிறங்கி வந்தது. களனிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தொல்லியற் பட்டப்பின்படிப்பு நிறுவகமும் சுவீடன் நாட்டு ஆய்வாளரும் கூடிச்செய்த குடியிருப்புத் தொல்லியல் ஆய்வு 1990 இல் நூலாயிற்று. மாளிகையை விடுத்துக் குளங்களையும் ஊர்களையும் அலகொலவெவையின் இரும்புருக்கு உலைகளையும் அவர்கள் அகழ்ந்து நோக்கினர். அரசன் குன்றின்மேல் வாழ்ந்தான். அவனுக்கு இரும்பு தந்தவன் எங்கு வாழ்ந்தான் என்னும் வினா பல்கலைக்கழகத்தார் உள்ளத்தில் எழுந்தமை பெரும் மாற்றமேயாம்.

இம்மாற்றத்திற்குப் பின்புலமாக நின்றது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுந்த பிரதேச ஆய்வு என்னும் புதிய துறை. ஒரு நிலப்பகுதியின் மொழி, வரலாறு, பொருளியல், சமயம், அரசியல் ஆகியவற்றைத் தனித்தனித் துறைகளாகப் பிரித்துவிடாது ஒருங்கு வைத்துக் கற்பதே அதன் நெறி. அமெரிக்காவில் 1958 ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் அதற்குப் பொருளுதவி வழங்கியது. சட்டத்தின் பெயரே அதன் நோக்கத்தைக் காட்டிவிடுகின்றது. இந்தியாவுக்கு விற்ற கோதுமைக்கு ஈடாகக் கிடைத்த ரூபாயைக் கொண்டு இந்திய மொழி நூல்களை வாங்கி அமெரிக்க நூலகங்களுக்கு அனுப்பும் திட்டமும் 1962 இல் தொடங்கிற்று. கோதுமைக்கு விலையாகத் தமிழ் நூல் கப்பலேறியது விந்தையே. எனினும் நம்மவர் பேணத் தவறிய சிறு வெளியீடுகள் பல அந்நூலகங்களிலே தப்பியிருக்கின்றன. கொடுத்தவன் நோக்கம் அரசியலாயிருப்பினும் விளைந்த கல்வி முழுதும் அரசியலாகிவிடாது.

தனிநாயக அடிகளின் முயற்சியை இவற்றிற்கிடையே வைத்து நோக்கினாற்றான் அதன் தனித்தன்மை விளங்கும். 1952 இல் 'தமிழ்க் கல்சர்' என்னும் ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கியவரும், இலங்கைப் பல்கலைக்கழகத்திலே கல்வித்துறை விரிவுரையாளராயிருந்து 1961 இல் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வுத்துறைத் தலைமையை ஏற்றவரும், 1964 இல் புதுதில்லியிலே உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றக் காரணராயிருந்தவரும் அவரே. 1966 இற் கோலாலம்பூரில் முதல் மாநாடு கூடிற்று. பிரதேச ஆய்வாளர் ஒரு நாட்டின் எல்லைக்கோட்டைக் கொண்டு தம் பொருளை வரையறுத்தனர். அடிகள் மொழியைக் கொண்டு வரையறுத்தார். மொறீசியசும் மார்த்தினிக்கும் பீஜியும் அவர் கருத்திலே தமிழியலின் புறத்தே நிற்பனவல்ல. கரும்புத் தோட்டங்களுக்குப் பெயர்ந்த தமிழர் வரலாற்றை அவரே நேரிற் சென்று தேடினார்.

ஆனால் தலைவர் கண்ட பரப்பை மாநாடுகள் கண்டனவோ என்பது ஐயத்திற்குரியது. சங்க இலக்கியமும் இலக்கணமும் கல்வெட்டும் அம்மாநாடுகளிற் பெற்ற இடத்தைத் தோட்டத் தொழிலாளர் வாழ்வு பெற்றது எனக் கூறுதல் அரிது. பேராதனையிலிருந்து மாத்தளை ஒரு மணி நேரப் பயணம். அவ்வழியின் இருமருங்கும் உள்ள லயங்களிலே, 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டோர் வாழ்ந்தனர். 1964 இற் புதுதில்லியிலே அறிஞர் கூடி மன்றம் அமைத்தனர். அதே ஆண்டில் அதே நகரிலே இரு நாட்டுப் பிரதமரும் கைச்சாத்திட்ட உடன்படிக்கை, 975,000 மக்களை எண்ணிப் பங்கிட்டு, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கி, எஞ்சிய 150,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வோம் என விட்டது. இவ்விரு நிகழ்ச்சிகளும் ஒன்றையொன்று அறியாதன போலக் கடந்து சென்றன. மாத்தளை மாவட்டத்து நாலந்தாக் கெடிகே பல்லவர் சிற்பநெறியைப் பின்பற்றிய கற்கோயில். போவத்தென்ன நீர்த்தேக்கத்தில் அது மூழ்காவண்ணம் 1980 ஆம் ஆண்டளவிலே கல் கல்லாகக் கழற்றி உயர்ந்த இடத்திற் சேர்த்துக் கட்டினர். ஒவ்வொரு கல்லும் எங்கிருந்தது என்பது கருத்தாய்க் குறிக்கப்பட்டது. பெயர்க்கப்பட்ட மனிதருக்கு அத்துணைக் கவனம் கிடைத்திலது.

இம்மக்களைப் பொருளாக்கிப் பல்கலைக்கழகத்தார் செய்த நூல்கள் பிற்காலத்தனவே. அவற்றுள் இரண்டை ஈண்டு சிறிது விரிவாக நோக்குதல் தகும். 2001 இல் வெளிவந்த பற்றிக் பீபிள்சின் 'இலங்கைத் தோட்டத் தமிழர்' பற்றிய ஆங்கில நூல், தொழிலாளர் பருவப் பறவைகளைப்போல் வந்து போனவர் என்னும் பழங்கொள்கையை மறுக்கின்றது. அவர் மிக முற்பட்ட காலத்திலேயே இந்நாட்டில் நிலைகொண்டனர் என்பதை அரசாங்க அறிக்கைகளையும் புள்ளிவிபரங்களையும் துருவி அது நிறுவ முயல்கின்றது. குடியுரிமையை மறுத்தார் வாதத்தின் வேர் எங்கே இருந்தது என்பதை அறிந்தார்க்கு இம்முடிபின் பெறுமதி நன்கு புலனாகும். ஆயினும் அந்நூலிற் பேசுவன ஏடுகளே. அவ்வேடுகளை எழுதியோர் துரைமாரும் உத்தியோகத்தரும் ஆவர். கங்காணியின் கடனிலிருந்து விடுபட்டாற்றான் வேறு தோட்டம் செல்லலாம் என வகுத்த 'துண்டு' முறை 1921 இல் நீங்கியது. அம்முறைபற்றிச் சட்டம் சொல்வது தெரிகின்றது, துண்டு கிடைக்காதவன் சொன்னது தெரியவில்லை.

மற்றையது வலன்ரைன் டானியேல் 1996 இல் வெளியிட்ட 'கருகிய தாலாட்டுக்கள்' என்னும் பொருள்படும் ஆங்கில நூல். இலங்கையிற் பிறந்து சிக்காகோவிற் பயின்று கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய அவர், தோட்டப் பெண்களின் நாட்டுப்பாடல்களைத் திரட்டும் எண்ணத்தோடு வந்தார். 1983 ஆம் ஆண்டின் கலவரம் அவர் நூலை வேறு பொருளுக்கு இழுத்துச் சென்றுவிட்டது. வன்செயலுக்கு முன் ஆய்வாளன் சொல் தடுமாறுவதை அவர் மறைக்காமற் கூறுகின்றார்; இது அருமை. தேயிலையைப்பற்றித் துரைத்தனம் அளவாலும் எண்ணாலும் பேசுவதையும், தொழிலாளர் மண்ணோடும் செடியோடும் உறவு கொண்டார்போற் பேசுவதையும் ஒப்பிட்டு அவர் எழுதிய பகுதியே நூலின் உச்சம். பிரட்டுக்களத்தின் பேச்சைச் செவியாற் கேட்டவன் அன்றிப் பிறன் அதனை எழுதியிருக்க முடியாது. குறையும் ஒன்றுண்டு. மெய்யியற் சொற்கள் செறிந்த அந்நடை, யார் பேச்சை எடுத்துப் பேசுகின்றதோ அவர்தம் பேரப்பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் நிற்கின்றது. ஆங்கிலம் கற்ற பட்டதாரிகளே அதனுட் புக இடர்ப்படுவர்.

பல்கலைக்கழகப் பதவியின்றி இப்பணியில் ஈடுபட்டார் நூல்கள் வேறு வகையின. தலவாக்கலைத் தொகுதியிலிருந்து 1947 இற் பாராளுமன்றம் சென்ற தொழிற்சங்கவாதியாகிய சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டுப் பாடல்களைத் திரட்டினார். சாரல்நாடன் 'மலையக வாய்மொழி இலக்கியம்' எழுதினார். பாடியவர் குரலும் பாடிய இடத்தின் மணமும் இத்தொகுப்புக்களில் உண்டு. எப்பாடல் எவ்வாண்டில் யாரிடம் கேட்கப்பட்டது என்பன போன்ற குறிப்புக்களை இன்னும் நிறைய வேண்டுவார்க்கு மனக்குறை எழலாம். பீபிள்சிடம் காலக்கணக்கு இருக்கின்றது, குரல் இல்லை. இவர்களிடம் குரல் இருக்கின்றது, கணக்குக் குறைவு. ஒரே வீதியின் இருபுறமும் நடந்தும் இருசாராரும் சந்தித்திலர். தமிழ்மொழி மூலம் கற்கும் மாத்தளை மாணவன் தன் முன்னோர் வரலாற்றை முழுதாக அறிய இரு சாராரையும் நாடவேண்டியிருக்க, ஒருசாரார் அவன் படிக்கும் மொழியில் எழுதவில்லை. பேராதனையும் யாழ்ப்பாணமும் இவ்வாய்வு நூல்களைத் தமிழாக்குவதைப் பட்டப்படிப்புப் பணிகளுள் ஒன்றாய்க் கொண்டால், உலகத் தொடர்பு என்னும் சொல்லுக்கு அனுப்புதலோடு பெறுதலும் பொருளாகும்.

2023 ஆம் ஆண்டு யூலை 28 ஆந் திகதி தலைமன்னாரிற் புறப்பட்ட ஒரு நடைபயணம் ஓகத்து 12 ஆந் திகதி மாத்தளையில் முடிவுற்றது. மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டு நிறைந்ததை நினைந்து, முன்னோர் நடந்த வடபாதையாலேயே அவர் நடந்து வந்தனர். அப்பாதையிற் பசியாலும் நோயாலும் மாண்டார் தொகைபற்றி ஆய்வாளர் தரும் கணக்குகள் தம்முள் வேறுபடும். நடந்தவர்களுள் முதியோர் சிலருக்குத் தம் பாட்டிமார் வாய்ப்பாடல்கள் இன்னும் நினைவிலுண்டு. அவற்றைக் கேட்டு, ஊரும் ஆண்டும் பாடியவர் பெயரும் பக்கத்திற் குறித்துவைக்கும் பணி மாத்தளைப் பாடசாலைகளின் மேல்வகுப்பு மாணவர்க்கு இயலாததன்று. ஒரு பயிற்சிப்புத்தகமும் விடுமுறை நாட்களும் இருந்தாற் போதும்.