தூண்டில்காரனுக்கு எந்த ஸ்கேல்? மீன் அளவு விதிகள் பற்றிச் சில மறுப்புகள்

இலஞ்சியில் இருந்து பார்த்தால் இரண்டு கடலும் ஏறக்குறைய ஒரே தூரம். கிழக்கே தூத்துக்குடி, மேற்கே செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு இறங்கினால் கொல்லம். இரண்டுமே நூறு கிலோமீட்டர் சுமார். தென்காசி மார்க்கெட்டுக்கு இரண்டு பக்கத்து மீனும் வருகிறது. கொல்லத்துச் சாளைக்குக் குறைந்தபட்ச நீளம் என்று ஒன்று சட்டத்தில் இருக்கிறது, 10 செ.மீ. அயிலைக்கு 14, வாளைக்கு 46, நெய்மீனுக்கு 50. கேரளம் 2015-இல் 14 இனங்களுக்கு இப்படி அளவு வைத்தது. 2017-க்குள் பட்டியல் 58 இனங்களாக வளர்ந்தது. அளவுகளைப் பரிந்துரைத்தது கொச்சியில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம்.

நான் வாரயிறுதித் தூண்டில்காரன். திங்கள் முதல் வெள்ளி வரை கோடு எழுதுவது, மாதம் ஒரு தடவை மணப்பாடு, புன்னக்காயல் பக்கம் கம்பைத் தூக்கிக்கொண்டு போவது. என்னைப் போன்ற ஆட்கள் கூடும் இடத்தில் இப்போது ஒரு வாதம் சூடாக ஓடுகிறது: பொழுதுபோக்குக்கு மீன் பிடிக்கிறவர்களுக்கும் அளவு விதி, எண்ணிக்கை விதி வேண்டுமா?

ஒரு கட்சி சொல்கிறது: "இழுவை மடிக்காரன் டன் கணக்கில் குஞ்சைச் சேர்த்து அள்ளுகிறான். என் ஒத்தை மீனுக்கு ஸ்கேலா?" இன்னொரு கட்சி: "கேரளப் பட்டியல் ரெடியா இருக்கு. அதை அப்படியே காப்பி பண்ணி நாமே கடைப்பிடிப்போம்." இரண்டாவது கட்சியின் நல்ல எண்ணத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இரண்டு கட்சியும் தப்பான ஸ்கேலைக் கையில் வைத்திருக்கின்றன என்பது என் வாதம்.

முதல் கட்சியின் வாதத்தில் பாதி உண்மை. சாளை, அயிலை, கிளிமீன் விஷயத்தில் தூண்டில்காரன் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் நாம் போவது சாளை பிடிக்கவா? நாம் தேடுவது கொடுவா, களவா, பாரை, நெய்மீன். களவா கிடப்பது பாரில். மன்னார் வளைகுடாவில் பார் என்றால் கடலடிப் பாறைத் திட்டு. அங்கே இழுவை மடி போட்டால் மடிதான் கிழியும். பாறை மீனை எடுப்பது தூண்டிலும் கூடும்தான். கொடுவா முகத்துவாரத்து மீன், அங்கேயும் இழுவைப் படகுக்கு வேலை இல்லை. ஆக, மடியைக் காட்டித் தப்பிக்கிற வாதம் நாம் பிடிக்கிற மீனுக்குப் பொருந்தாது. பக்கத்து வீட்டுக் குழாய் ஒழுகுகிறது என்று சொல்லி நம் வீட்டுக் குழாயைத் திறந்துவிடுகிற கதைதான்.

இரண்டாவது கட்சிக்குக் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும்.

கேரளப் பட்டியல் வலைக்காக எழுதப்பட்டது. வலையில் வந்த மீன் பெரும்பாலும் செத்துத்தான் தளத்தில் விழும். துறைமுகத்தில் அளந்து அபராதம் போடுவதால் அந்த மீன் பிழைக்கப் போவதில்லை. சிறுசுகள் கூடும் இடத்தில் வலை விடாதே, கண்ணியைப் பெரிதாக்கு என்று அடுத்த தடவைக்குச் சொல்லும் எச்சரிக்கைதான் அந்த அளவு. அந்த வேலைக்கு அது சரியான கருவி, அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. தூண்டில் வேறு. தூண்டில் மீன் உயிரோடு கைக்கு வருகிறது. பார்த்து, அளந்து, திருப்பி விடலாம். அளவு விதி நிஜமாகவே மீனைக் காப்பாற்றக்கூடிய ஒரே மீன்பிடி முறை கிட்டத்தட்ட இதுதான். அப்படிப்பட்ட இடத்துக்கு வலைக்காரனின் எண்களை ஏன் கடன் வாங்க வேண்டும்?

நெய்மீனையே எடுங்கள். 50 செ.மீ. என்பது பட்டியல். பெண் நெய்மீன் முதல் தடவை முட்டைக்குத் தயாராவது 70 செ.மீட்டரை ஒட்டித்தான் என்று நம் கடல் பற்றிய ஆய்வுகள் சொல்கின்றன. என் வாசிப்பில், 50 என்பது மீனின் உடம்புக்கும் மார்க்கெட்டுக்கும் நடுவே செய்துகொண்ட சமரசம். வலைக்காரனின் பிழைப்பை நினைத்தால் அந்தச் சமரசம் புரிகிறது. பிழைப்புக்காகப் பிடிக்காத நான் அதே 50-ஐப் பின்பற்றிவிட்டுக் காலரைத் தூக்கிக்கொள்வது என்ன நியாயம்?

அடுத்தது கொடுவா. இந்த மீன் ஆணாகவே முதிர்கிறது, மூன்று நான்கு வயதில். பிறகு ஆறு முதல் எட்டு வயதுக்குள், ஒரு மீட்டரை நெருங்கும்போது, பெண்ணாக மாறுகிறது. (சென்னையில் இருக்கிற உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் 1997-இல் இதைப் பண்ணையில் முட்டையிட வைத்தது.) இப்போது கொடுவாவுக்குக் குறைந்தபட்ச அளவு மட்டும் வைத்தால் என்ன ஆகும்? சின்னதை விடு, பெரிசை எடு என்பதுதான் விதி. பெரிசு எல்லாம் பெண். ஆக விதியை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறவன்தான் முட்டையிடும் கூட்டத்தைக் குறிவைத்துக் காலி பண்ணுவான். களவாவில் இது தலைகீழ். அது பெண்ணாக ஆரம்பித்து ஆணாகிறது. பெரிசை மட்டும் எடுத்தால் ஆண் பஞ்சம். இரண்டு மீனுக்கும் ஒரே மாதிரி விதி எழுதுகிறவர் மீனைப் பார்க்காமல் ஸ்கேலை மட்டும் பார்க்கிறார்.

பெரிய பெண் மீனின் மதிப்பு அதன் எடை விகிதத்தைவிட அதிகம் என்பதும் தெரிந்த விஷயம்தான். 2018-இல் சயின்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வின் கணக்குப்படி, 30 கிலோ காட் மீன் ஒன்று போடும் முட்டை, 2 கிலோ காட் மீன்கள் 28 சேர்ந்து போடும் முட்டைக்கு இணை. எடையைக் கூட்டினால் 28 மீன் என்பது 56 கிலோ.

ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து இதே கொடுவாவுக்கு 58 முதல் 120 செ.மீ. வரை என்று வைத்திருக்கிறது. கீழேயும் எல்லை, மேலேயும் எல்லை. அமெரிக்காவில் ஃபுளோரிடா, ஸ்னூக் என்ற முகத்துவார மீனுக்கு இன்னும் இறுக்கம்: அட்லாண்டிக் பக்கம் 28 முதல் 32 அங்குலம், ஆளுக்கு ஒன்று. ஸ்னூக்கும் கொடுவா மாதிரியே ஆணாகத் தொடங்கிப் பெண்ணாகிற மீன். இந்த ஜன்னல் அளவுதான் தூண்டில்காரனுக்குப் பொருத்தம். குஞ்சும் தப்பும், கிழவியும் தப்புவாள், நடுவில் ஒன்று குழம்புக்கு வரும். வலையால் இப்படிச் செய்ய முடியாது. கண்ணி சின்னதை வெளியே விடும், பெரிசை விடாது.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. விட்ட மீன் பிழைக்க வேண்டும். இந்த விஷயத்தில் நம் ஆட்கள் ரொம்ப மெத்தனம். போட்டோவுக்காக மூன்று நிமிஷம் வெயிலில் தூக்கிப் பிடித்துவிட்டு "ரிலீஸ் பண்ணிட்டேன்" என்று பெருமை. 2005-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, உலகம் முழுக்கச் செய்த 274 கணிப்புகளைச் சேர்த்துப் பார்த்தது. விட்ட மீனில் சராசரி 18 சதவீதம் செத்துப்போகிறது, நடுமதிப்பு 11. சராசரிக்கும் நடுமதிப்புக்கும் இவ்வளவு இடைவெளி இருந்தால், சில இடங்களில் சாவு மிக அதிகம் என்று அர்த்தம். எங்கே அதிகம்? தொண்டைக்குள் முள் விழுங்கிய மீனில். ஆழத்தில் இருந்து ஏற்றிய மீனில்.

முள் விஷயம் சுலபம். வட்ட முள் போட்டால் அது வாயோரத்தில் மாட்டும், சாவு ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. ஆழம்தான் சிக்கல். பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம். முப்பது மீட்டரில் கிடந்த களவாவை மேலே இழுத்தால் அதன் காற்றுப்பை நான்கு மடங்கு விரியப் பார்க்கும். வயிறு வாய் வழியே பிதுங்கும், கண் துருத்தும். அதை "விட்டால்" மிதக்கும், கடற்காக்கைக்குத் தீனி. மெக்சிகோ வளைகுடாவில் பாறை மீன் பிடிக்கப் போகும் படகில், மீனைக் கீழே இறக்கிவிடும் கருவியோ காற்றை வெளியேற்றும் ஊசியோ கட்டாயம் இருக்க வேண்டும் என்று 2022-இல் அமலுக்கு வந்த அமெரிக்கச் சட்டமே சொன்னது. நம் பாரில் ஆழத்தில் களவா பிடித்துவிட்டு அளவு பார்த்து விடுவதில் பயன் ரொம்பக் குறைவு. அங்கே எண்ணிக்கைதான் விதியாக இருக்க வேண்டும்: இரண்டு மீன், எந்த அளவாக இருந்தாலும் சரி, அதோடு கம்பை மடக்கு. இல்லாவிட்டால் சின்னதைச் சாகடித்து விட்டுவிட்டுப் பெரிசு வரும்வரை பிடித்துக்கொண்டே இருப்பார்கள். அளவு விதி அந்தக் கெட்ட பழக்கத்துக்கு நற்சான்று கொடுத்துவிடும்.

எண்ணிக்கை விதியிலும் ஒரு ஓட்டை உண்டு. ஆளுக்கு இரண்டு என்றால், எத்தனை ஆள்? மெக்சிகோ வளைகுடா செம்மீன் சண்டை இதற்கு நல்ல பாடம். (செம்மீன் என்றதும் தகழி ஞாபகம் வேண்டாம், அது இறால். இது சிவப்பு ஸ்னாப்பர், நம் சங்கரா வகையறா.) ஆளுக்கு இரண்டு மீன், 16 அங்குலத்துக்கு மேல், இரண்டு விதியும் அங்கே இருந்தன. ஆனாலும் தூண்டில்காரர்கள் எண்ணிக்கைக்கு வரம்பு இல்லாததால் சீசனைச் சுருக்கிக்கொண்டே போய், 2017-இல் தனியார் படகுகளுக்கு மூன்று நாள் என்று அறிவித்தார்கள். கூச்சல் கிளம்பி, பிறகு 39 நாள் கூட்டினார்கள். மொத்தப் பிடிப்பில் 49 சதவீதம் பொழுதுபோக்குக்காரர்களுக்கு ஒதுக்கப்பட்ட மீன் அது. நாம் அந்த நிலையில் இல்லை. ஆனால் கம்பும் ரீலும் இப்போது ஆன்லைனில் வீட்டு வாசலுக்கே வருகிற காலம்.

இவ்வளவு சொன்ன பிறகும், என்னைக் கேட்டால் முதல் விதி அளவும் இல்லை, எண்ணிக்கையும் இல்லை. பிடித்ததை விற்கக் கூடாது என்பதுதான் முதல் விதி.

மணப்பாட்டில் ஒரு அண்ணாச்சி, கைத்தூண்டில் போட்டே பிள்ளைகளைப் படிக்க வைத்தவர், என்னிடம் கேட்டது: "நீங்க ஆசைக்குப் பிடிக்கிய, சரி. அத எதுக்கு ஓட்டலுக்குக் குடுக்கிய? பெட்ரோல் காசுக்கா? எனக்கும் அதே பெட்ரோல்தான தம்பி." நான் விற்றதில்லை. ஆனால் விற்கிறவர்களை எனக்குத் தெரியும். பத்து கிலோ நெய்மீன் ஒன்று அடித்தால் பயணச் செலவு போகக் கையில் நிற்கும். அன்றைக்கு அந்த விலையில் மீன் வாங்கிய ஓட்டல் அண்ணாச்சியிடம் வாங்காது.

அளவு விதியை மட்டும் கொண்டுவந்தால் அது முதலில் யார் கழுத்தில் விழும் என்று யோசியுங்கள். என் கையிலும் தூண்டில், அவர் கையிலும் தூண்டில். கரையில் நிற்கும் அதிகாரிக்கு இரண்டும் ஒன்று. நான் அபராதம் கட்டிவிட்டுக் காரில் ஏறிவிடுவேன். அவருக்கு அன்றைய அரிசி போச்சு. இரண்டு பேரையும் பிரிக்கும் கோடு கம்பின் நீளமோ ரீலின் விலையோ இல்லை, விற்பனைதான். குயின்ஸ்லாந்தில் பொழுதுபோக்காகப் பிடித்ததை விற்பது குற்றம். நம் சட்டங்களுக்கும் இந்தக் கோடு புதுசு இல்லை. கேரளத்தின் 1980-ஆம் வருஷக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் மீன்பிடிக் கலம் என்பதை வரையறுக்கும்போதே லாபத்துக்காகப் பிடிப்பது என்பதைச் சேர்த்துத்தான் வரையறுக்கிறது. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டால் போதும். லாபத்துக்குப் பிடிப்பவருக்கு ஒரு விதித்தொகுப்பு, லாபமில்லாமல் பிடிப்பவனுக்கு அதைவிடக் கடுமையான இன்னொன்று. ஆமாம், கடுமையானது. பிழைப்புக்குப் பிடிக்காதவன் அதிகம் விட்டுக்கொடுக்கலாம்.

எடையால் அளவு வைத்த பழைய உதாரணம் ஒன்றும் நம்மிடம் இருக்கிறது. 2003-இல் மத்திய வணிக அமைச்சகம் சிங்கி இறால் ஏற்றுமதிக்கு இனவாரியாகக் குறைந்தபட்ச எடை வைத்தது. 200 கிராம், 300 கிராம், 500 கிராம் என்று. அந்த விதி கடலில் இல்லை, ஏற்றுமதி வாசலில் நிற்கிறது. காசு கைமாறும் இடத்தில் விதி வைத்தால் காவல் போடுவது சுலபம். விற்காதே என்பதும் அதே தர்க்கம்தான்.

நடைமுறையில் ஒரு தொல்லை மிச்சம். பெயர். நெய்மீன் என்று குமரிக் கரையில் சொல்வது சென்னையில் வஞ்சிரம். தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் சீலா. ஆனால் ஊழியையும் சீலா என்று சொல்கிற ஆட்கள் உண்டு, அது வேறு குடும்பம். சங்கரா என்றால் எத்தனை மீன் என்று எண்ணிப் பார்க்கவே முடியாது. போதாக்குறைக்கு, பிளந்த வால் உள்ள மீனைப் பல நாடுகளில் வால் கவட்டை வரை அளக்கிறார்கள், சில விதிகளில் வால் நுனி வரை. நெய்மீனில் இந்த இரண்டுக்கும் நடுவே பல சென்டிமீட்டர் வித்தியாசம் வரும். "சீலா 70 செ.மீ." என்று போர்டு எழுதி வைத்தால் கரையில் தினமும் சண்டைதான். படம் போட்டு, நெய்மீனுக்குப் பக்கத்தில் ஊழியையும் வரைந்து, எந்த இடத்தில் இருந்து எந்த இடம் வரை ஸ்கேல் வைக்க வேண்டும் என்று கோடு இழுத்துக் காட்ட வேண்டும்.