நான்கு பாட்டில் ஜெயித்த ஆட்டம்

1993 மே 31. கிளாஸ்கோவின் கிங் டட்ஸ் அரங்கில் ஓயசிஸ் ராக் குழு வாசித்தது நான்கே பாட்டு. முந்நூறு பேர் நின்றால் நிரம்பிவிடும் இடம். ஒத்திகை அறையைப் பகிர்ந்துகொண்ட சிஸ்டர் லவ்வர்ஸ் குழுவோடு சேர்ந்துகொண்டு மான்செஸ்டரிலிருந்து வந்தவர்கள் அவர்கள். கூட்டத்தில் இருந்த கிரியேஷன் ரெக்கார்ட்ஸ் உரிமையாளர் ஆலன் மெக்கீ அன்றிரவே ஒப்பந்தம் பேசினார். 1996 ஆகஸ்டில் நெப்வொர்த்தில் இரண்டே இரவுகளில் அவர்களைக் கேட்டவர்கள் இரண்டரை லட்சம் பேர்.

இதை அதிர்ஷ்டக் கதையாகவே சொல்லிப் பழகிவிட்டார்கள். மெக்கீ அங்கே இருந்தது அதிர்ஷ்டம், சரி. அவர் காதில் விழுந்தது அதிர்ஷ்டமல்ல. சொந்தப் பாட்டான ‘ராக் அண்ட் ரோல் ஸ்டார்’ முதலில். அரங்கமே அறிந்த பீட்டில்ஸின் ‘ஐ ஆம் தி வால்ரஸ்’ கடைசியில். தாங்கள் யார் என்று முதலிலேயே சொல்லிவிட்டு, தெரிந்த பாட்டைத் தங்கள் பாணியில் வாசித்து இறங்கினார்கள். தெரியாத கூட்டத்தின் முன் ஏறும் குழுவுக்கு இதைவிடக் கச்சிதமான வரிசை அமைவது கடினம்.

முக்கியக் குழுவுக்கு முன்னால் முதலில் ஏறுபவர்களின் நிலைமை எங்கும் ஒன்றுதான். சவுண்ட் செக்கில் முக்கியக் குழுவுக்கே முதலிடம். கதவு திறக்குமுன் மிஞ்சும் சில நிமிடங்கள் இவர்களுக்கு. மானிட்டரில் தன் குரலே பாடகருக்குச் சரியாகக் கேட்காது. அதையும் சமாளித்துவிடலாம். ஆட்டம் கைநழுவுவது பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில்தான். கிதாரிஸ்ட் குனிந்து சுருதி சேர்க்கிறார், பாடகர் தண்ணீர் குடிக்கிறார், யாரும் பேசவில்லை. இருபது விநாடிக்குள் முன்வரிசை பார் பக்கம் திரும்பிவிடும். தேறிய குழு ஒரே சுருதிப் பாட்டுகளை அடுத்தடுத்து வைக்கும். ஒருவர் கம்பியை முறுக்கும்போது இன்னொருவர் டிரம்ஸை ஓடவிடுவார். வீட்டு அறையில் எத்தனை மாதம் பயின்றாலும் இது வராது. முகம் திருப்பிக்கொள்ளும் கூட்டத்தின் முன் நின்றால்தான் வரும். ஓயசிஸும் 1991 ஆகஸ்டிலிருந்து மான்செஸ்டரின் போர்டுவாக் போன்ற சிறு மேடைகளில் வாசித்துத்தான் கிளாஸ்கோவுக்கு வந்தது.

அந்தச் சிறு மேடைகள்தான் இப்போது பறிபோகின்றன. 2023-இல் மட்டும் பிரிட்டன் இழந்த சிறு அரங்குகள் 125 என்கிறது அவற்றுக்கான அமைப்பான மியூசிக் வென்யூ டிரஸ்ட். ரேடியோஹெட்டும் எட் ஷீரனும் ஏறிய பாத் நகர மோல்ஸ் அரங்கு, 45 ஆண்டு நடந்தபின் அந்த டிசம்பரில் மூடப்பட்டது. 2024-இல் இத்தகைய அரங்குகளின் சராசரி லாபம் நூற்றுக்கு அரைக்கும் குறைவு. வாடகையும் மின்கட்டணமும் ஏறிக்கொண்டே போக, முன்பின் தெரியாத குழுவுக்கு டிக்கெட் விலையை ஏற்ற முடியாது. நஷ்டத்தைத் தாங்கிக்கொண்டு புதியவர்களை மேடையேற்றுகிறவர்கள் இந்த அரங்குக்காரர்கள்தான்.

கால்பந்தில் பிரீமியர் லீக் தன் வருமானத்தில் ஒரு பங்கைக் கீழ்நிலை லீக்குகளுக்குத் தருகிறது. இசையில் அந்த ஏற்பாடு இல்லை. பெரிய அரங்கு டிக்கெட் ஒவ்வொன்றிலும் ஒரு பவுண்ட் போன்ற ஒரு தொகை சிறு அரங்குகளுக்கு என்ற யோசனையை 2024-இல் நாடாளுமன்றக் குழு பரிந்துரைத்தது. அரசும் ஆதரித்தது, ஆனால் விரும்பியவர் தரலாம் என்ற அளவில். என்டர் ஷிகாரி குழு தன் டிக்கெட்டுகளில் அந்த ஒரு பவுண்டைத் தந்தது. கோல்ட்ப்ளே குழு 2025 வெம்ப்ளி, ஹல் நிகழ்ச்சிகளின் வருவாயில் பத்து சதவீதம் தருவதாக அறிவித்தது. மனமுவந்து தந்தவர்களைக் கும்பிடலாம். ஆனால் மனம் வராதவர்களை நம்பி ஒரு மேடையும் நிற்காது. அந்த ஒரு பவுண்டைப் பிரிட்டன் அரசு சட்டமாகவே ஆக்க வேண்டும்.